ஆபீஸ் பஸ் லேட்டாக வந்ததே இல்லை!

சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தில் ஏதாவது கிராமத்துக்குப் போனால், 'நான் ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன்' என்று மட்டும் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள். "அப்படியா... கட்டை அடுக்குற வேலையா, பெட்டி அடைக்கிற வேலையா?" என்று பரிவோடு விசாரிப்பார்கள். அந்தக் கரிசல் பூமியில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ்தான். ஃபைல் கிடையாது, சுழல் நாற்காலி கிடையாது, பதினோரு மணி வடை கிடையாது. தொழிற்சாலைக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது என்று நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். "ஆபீஸ்னா ஆபீஸ்தான்!" என்பதற்கு மேல் யாரும் விளக்கம் தரவில்லை.

அந்த ஆபீஸுக்கு ஒரு காலத்தில் பத்து வயசுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். நாமெல்லாம் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு மூச்சிரைக்க ஓடிப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, 'என்ன பொழப்பு சார் இது' என்று அலுத்துக்கொள்கிறோம். அவர்கள் விடிகாலை நாலு மணிக்கு பஸ் ஏறி, பொழுது சாய்ந்து வீடு திரும்பியவர்கள். கேஷுவல் லீவ் கிடையாது. அடுக்கிய கட்டைக்குத்தான் காசு.

சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு, நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்ப பஸ் மத்தியானம்தான். பந்திக்குப் பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவனிடம், "நீங்க கணக்குப் படிச்சவுகளாம்ல?" என்று ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். வயது ஐம்பதை நெருங்கும். கையில் நீளமான நோட்டு. அந்த ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி என்றார்கள். கடைசி மகன் ஏழாவது படிக்கிறான்.

நோட்டில் ஒரு வவுச்சர் சந்தேகம். இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"நான் மூணாப்போட நின்னுட்டேன் தம்பி. ஆபீஸுக்குப் போகையில எனக்குப் பத்து வயசு. நாலு மணிக்கு பஸ் வந்து ஆரன் அடிப்பான். எங்கம்மா தண்ணியத் தெளிச்சு எழுப்பி விடும். தூக்கத்துலயே ஏறுவோம். மழை பெஞ்சா ரோடு களியாக் கெடக்கும்... அப்பயும் வருவான். ஒரு நாள் லேட்டா வந்ததில்ல. வாத்தியார்தான் வாரத்துல ரெண்டு நாள் வர மாட்டாரு."

நான் பி.காம். மூன்று வருஷம் படித்து, 'ஆப்பர்சூனிட்டி காஸ்ட்' என்ற ஒரு சமாசாரத்தை பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். ஒன்றைச் செய்வதற்காக நாம் கைவிடுகிற இன்னொன்றின் மதிப்பு. புரொபசர் லேத் மெஷினை வைத்து விளக்கினார். புரிந்தது போலத் தலையாட்டினோம். இந்த அக்கா நாலு மணி பஸ்ஸை வைத்து விளக்கியபோதுதான் நிஜமாகவே புரிந்தது.

பாருங்கள்... பள்ளிக்கூடத்தில் சம்பளம் கிடையாது, இலவசம் என்று சர்க்கார் சொல்கிறது. ஆனால் அவர் வீட்டுக் கணக்குப்படி அது இலவசமே இல்லை. அவர் ஆபீஸில் ஒரு நாளைக்கு ஆறு ரூபாய் கொண்டுவருவார். மாதம் 25 நாள் என்றால் 150 ரூபாய். பள்ளிக்குப் போனால் அந்த 150 போச்சு. அதோடு நோட்டு, பென்சில், கிழியாத பாவாடை. அது மட்டுமா? அவருடைய அய்யா ஆபீஸில் 500 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். வானம் பொய்த்த வருஷம். கம்பு, சோளம் ஒன்றும் தேறவில்லை. அட்வான்ஸ் கழிகிற வரை பிள்ளை அந்த ஆபீஸை விட்டு நகர முடியாது. இது பற்றுப் பக்கம். வரவுப் பக்கத்தில், 'இன்னும் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு உத்தியோகம் கிடைத்தாலும் கிடைக்கலாம்' என்று ஒரே ஒரு வரி. எந்த ஆடிட்டராவது இதில் கையெழுத்துப் போடுவாரா?

'படிப்பறிவில்லாத ஜனங்க சார், படிப்போட அருமை தெரியல' என்று ரயிலில் எதிர் சீட்டுக்காரர் சொல்வாரே, அவருக்குத்தான் இந்தக் கணக்கு தெரியவில்லை. அந்த ஜனங்கள் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். ஆபீஸ்காரர்களுக்கும் அந்தக் கணக்கு அத்துப்படி. வாசலுக்கே பஸ், கஷ்ட காலத்தில் அட்வான்ஸ், சனிக்கிழமை கையில் காசு. அந்த மூன்றில் பள்ளிக்கூடத்திடம் ஒன்றுகூட இல்லை. ஒரு பிள்ளையை யார் பிடிப்பது என்று இரண்டு பேருக்குப் போட்டி. ஒருத்தர் முழு ஏற்பாட்டோடு வந்தார், இன்னொருத்தர் மணி அடித்துவிட்டுச் சும்மா இருந்தார்.

குழந்தைகளின் சின்ன விரல்கள்தான் குச்சி அடுக்கத் தோது என்று ஒரு கதை அந்த நாளில் உலவியது. விரல் சின்னது என்பதல்ல, கூலி சின்னது என்பதுதான் விஷயம்.

இத்தனைக்கும் தொழில் வளர்ந்த கதை ரசமானது. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, மழை இல்லாத அந்த மண்ணில் தீப்பெட்டித் தொழிலை ஊன்றினார்கள். 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வாங்கிய ஊராயிற்று சிவகாசி. தீப்பெட்டி இல்லாவிட்டால் அந்தப் பக்கம் பல வீடுகளில் அடுப்பே எரிந்திருக்காது. (சிலேடை தானாக வந்து விழுந்தது, மன்னிக்கவும்.) அதனால்தான் இந்த விவகாரம் சினிமா மாதிரி வில்லன் - ஹீரோ என்று பிரிந்து நிற்கவில்லை. இந்த அக்காவே, "ஆபீஸ் இல்லேன்னா அன்னைக்கு நாங்க பட்டினிதான்" என்று மறு மூச்சில் சொன்னார்.

சரி, சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்கிறீர்களா? தூங்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1938-ல் வந்த குழந்தைகள் வேலைச் சட்டத்தின் பட்டியலில் தீப்பெட்டியும் பட்டாசும் இருக்கின்றன. பட்டறையில் சிறு பிள்ளைகளை வைக்கக் கூடாது. ஆனால் ஒரு சின்ன விதிவிலக்கு: முதலாளி தன் குடும்பத்தாரின் உதவியோடு செய்தால் பரவாயில்லை. 1986-ல் புதுச் சட்டம் வந்தது. 'குடும்பம்' அப்படியே அதிலும் குடிவந்தது. 2016-ல் திருத்தம் வந்தது. பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று பலமாகச் சொல்லிவிட்டு, 'பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம்' என்று மறுபடி ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். அப்பாவின் பெட்டிக்கடையில் மிட்டாய் எடுத்துக் கொடுப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் வேலை எங்கே ஒளியும் என்று தெரிந்தவர்கள் அந்த வரியை எழுதியதாகத் தெரியவில்லை. ஆபீஸில் ரெய்டு வந்தபோதெல்லாம் பெட்டி ஒட்டுகிற வேலை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பி.காம்.மில் எனக்குத் தெரிந்த கிராஸ் எல்லாம் கிராஸ் பிராஃபிட்தான். இந்த குரோஸை ஆறு வயசுப் பிள்ளையும் அம்மாவோடு உட்கார்ந்து ஒட்டியது. கேட்டால், குடும்பம்!

உலக அரங்கில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறியது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் சேர்ந்தது. எல்லா ஷரத்துக்கும் சம்மதம். 32-வது ஷரத்துக்கு மட்டும் ஒரு பின்குறிப்பு. குழந்தைகளை வேலை வாங்கிச் சுரண்டக் கூடாது, வேலைக்குக் குறைந்தபட்ச வயது வேண்டும் என்று சொல்கிற ஷரத்து அது. 'உடனே முடியாது, படிப்படியாகச் செய்கிறோம்' என்று நாம் எழுதிக் கொடுத்தோம். கடன்காரரிடம் தவணை கேட்பது மாதிரி! குறைந்தபட்ச வயது பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையில் நாம் கையெழுத்துப் போட 2017 ஆகிவிட்டது.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டது சுப்ரீம் கோர்ட் என்பேன். சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா என்ற வக்கீல் போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பை எடுத்துப் படியுங்கள். 'ஐயோ பாவம்' என்று நிறுத்தவில்லை. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும். முடியாவிட்டால் தன் பங்காக 5,000 போட வேண்டும். மொத்தம் 25,000-க்கு வரும் வட்டி, பிள்ளை பள்ளிக்குப் போகிற வரை வீட்டுக்குப் போகும். அன்றைய நிலவரத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 250 ரூபாய். அதாவது, பிள்ளை கொண்டுவந்த கூலிக்கு மாற்று என்ன என்று கேட்டு எழுதப்பட்ட தீர்ப்பு. வசூல் மட்டும் தீர்ப்பின் வேகத்துக்கு நடக்கவில்லை. நம்மூரில் வசூல் என்றைக்கு...

சட்டம் தடுமாறிய இடத்தில் சத்தமில்லாமல் வேலை செய்தது சாப்பாடு. காமராஜர் அதே விருதுநகர்க்காரர். பள்ளியைப் பாதியில் விட்டு மாமாவின் ஜவுளிக் கடைக்குப் போனவர். 1956-ல் அவர் தொடங்கிய மதிய உணவுக்குப் பின்னால் அந்த அனுபவமும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பசித்த வீட்டின் கணக்கை உள்ளேயிருந்து பார்த்தவர். 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது, 'கஜானா தாங்குமா' என்று பட்டணத்தில் பலர் கேட்டார்கள். தாங்கியது. முட்டையும் வந்தது, 2010-ல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலைச் சிற்றுண்டி ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்விட்டது. யார் ஆட்சி, யார் படம் ஒட்டியது என்று டீக்கடையில் சண்டை போடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காலை ஆறரைக்குக் களையெடுக்கவோ, ஆபீஸுக்கோ கிளம்பிவிடுகிற ஒரு தாய்க்கு, பிள்ளையின் காலை உப்புமா என்பது வரவுப் பக்கத்தில் நிஜமான ஒரு வரி.

"இப்ப எங்கூர்ல சின்னப் பிள்ளை ஒண்ணுகூட ஆபீஸுக்குப் போகல தம்பி" என்றார் அக்கா. மெஷின் வந்தது, அதிகாரிகள் கெடுபிடி வந்தது, வேலைக்குப் போன பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகள் வந்தன, வீட்டுக்கு ரெண்டு பிள்ளை என்றாயிற்று, சோறும் வந்தது. எல்லாம் சேர்ந்து செய்த வேலை. நடுவில் கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 வரை திறக்கவில்லை. அப்போது மட்டும் நாலைந்து பையன்கள் கொத்து வேலைக்கும் ஆடு மேய்க்கவும் போய்விட்டார்களாம். மேலாண்மைக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டுத் திரும்ப இழுத்து வந்திருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'குழந்தைத் தொழிலாளர் 2001-ல் ஒரு கோடியே 26 லட்சம்; 2011-ல் 43 லட்சம்தான்' என்று புள்ளிவிவரம் காட்டுவார்கள். கணக்குப் படித்தவன் கண்ணுக்கு அது உறுத்தும். 2001-ல் முழு நேரம், பகுதி நேரம் வேலை செய்த எல்லாப் பிள்ளைகளும் சேர்த்தி. 2011-ன் 43 லட்சத்தில் வருஷத்தில் பெரும்பகுதி வேலை பார்த்தவர்கள் மட்டும். மற்றவர்களையும் கூட்டினால் அதே சென்சஸ்படி ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேல். குறைந்திருக்கிறது, நிச்சயம். ஆனால் போன வருஷ மொத்த விற்பனையையும் இந்த வருஷ ரொக்க விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் என் பழைய புரொபசர் பேப்பரைக் கிழித்துப் போட்டிருப்பார்.

அக்காவின் இப்போதைய கவலை வேறு. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அது காப்பது ஆறு வயது முதல் பதினாலு வரை. நடுநிலைப் பள்ளி எட்டாவதோடு முடிகிறது. பிள்ளைக்கும் பதினாலு ஆகிறது. 2016 திருத்தச் சட்டப்படி, பதினாலு தாண்டினால் ஆபத்தில்லாத வேலைக்குப் போகலாம். ஆக, பள்ளியின் கதவு மூடுகிற அதே நாளில் வேலையின் கதவு திறக்கிறது. கொங்கு நாட்டுப் பஞ்சாலைகளிலிருந்து ஏஜென்ட் வந்த காலம் ஒன்று உண்டு. மூன்று வருஷம் பெண்ணை மில் ஹாஸ்டலில் விட்டால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. அதற்கு 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமான பெயர் வேறு! நாலு மணி பஸ்ஸும் அட்வான்ஸும் புதுச் சேலை கட்டி வந்த மாதிரி.

ஒன்பதாவது படிக்க ஏழு கிலோமீட்டர் தள்ளி உயர்நிலைப் பள்ளி. மாணவர்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. பெண்களுக்கு 2021-லிருந்து எப்படியும் டவுன் பஸ் இலவசம். டிக்கெட் இலவசம்தான்; பஸ்தான் வரவில்லை! காலை ஏழு பத்துக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று. பள்ளி ஒன்பதேகாலுக்கு. அரசு கொடுக்கிற சைக்கிள் பதினோராம் வகுப்பில். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்திருக்கிறது. நல்ல திட்டம், வீட்டுக் கணக்கு தெரிந்த திட்டம். ஆனால் அதை வாங்க ஒன்பதையும் பத்தையும் தாண்ட வேண்டுமே? ஏணியில் மேல் படியும் கீழ்ப் படியும் பளபளவென்று இருக்கின்றன. நடுவில் இரண்டு படிகளைக் காணோம். ஏழு பத்துக்குப் போய், பூட்டிய பள்ளி வாசலில் ரெண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேச ஆரம்பித்தால், அப்பன் 'போதும்மா படிச்சது' என்று சொல்லிவிடுகிறான். அடுத்த வருஷம் கல்யாணப் பேச்சு.

இதற்கு நாம் என்ன செய்வது? நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிறந்த நாளன்று கார் எடுத்துக்கொண்டு கிராமத்துப் பள்ளிக்குப் போய், லட்டும் ஜியாமெட்ரி பாக்ஸும் கொடுத்து, பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வது. அதைக் கேலி செய்ய மாட்டேன். லட்டு நல்ல விஷயம். இந்த ஊர்ப் பள்ளியிலும் அப்படி வந்த ஜியாமெட்ரி பாக்ஸ் பீரோ நிறைய இருக்கிறது. "ஒரு பிள்ளைக்கு மூணு பாக்ஸ் தம்பி. கக்கூஸுக்குத் தண்ணி மோட்டார்தான் இல்ல."

கட்டாயக் கல்விச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி பள்ளி மேலாண்மைக் குழு. முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கவும், பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதவும் அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. அதாவது, மூணாம் வகுப்பில் நின்ற அம்மா, ஹெட்மாஸ்டரிடம் கேஷ் புக்கைக் கேட்கலாம். பல ஊர்களில் கேட்பதில்லை. தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும். உங்களுக்கும் எனக்கும் சொந்த ஊர் என்று ஒன்று இருக்கிறது. வங்கியிலோ கம்பெனியிலோ நாள் முழுக்க வவுச்சரைப் புரட்டுகிற நமக்கு, அதே ஊர் அம்மாக்களோடு உட்கார்ந்து ரசீதையும் வங்கிப் பாஸ்புக்கையும் ஒத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் பாதி நாள் நமக்கு லீவு. எழுந்து நின்று 'எட்டாவது முடித்த பிள்ளைகள் எத்தனை பேர், ஒன்பதாவதில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் கூட்டமே ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். எங்கேயாவது ஒரு பிள்ளை வேலையில் மாட்டியிருந்தால், கல்யாணப் பந்தலில் உட்கார்த்தி வைத்திருந்தால், 1098-க்கு ஒரு போன். காசு கிடையாது, ராத்திரி பகல் எடுப்பார்கள்.

இந்த அக்கா அக்டோபர் 2 கிராம சபையில் கேட்டுவிட்டார். எட்டாவது முடித்தது ஒன்பது பேர். ஒன்பதாவதில் சேர்ந்தது ஆறு பேர். சேராத மூன்று பேரும் பெண்கள். ஏழு பத்து பஸ்ஸை எட்டேகாலுக்கு மாற்றக் கேட்டுத் தீர்மானம் போட்டு, டிப்போவுக்கு மனு அனுப்பியிருக்கிறார்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்திருக்கிறது. பிறகு வேறு பதில் இல்லை.

"நாலு மணிக்கு ஆபீஸ் பஸ் வந்த ரோடுதான தம்பி இது. அப்ப மண்ணு ரோடு, இப்பத் தார் போட்டிருக்காக" என்றார்.

என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது மனுவின் நகல் ஒன்றை மடித்துக் கையில் கொடுத்தார். மூன்று முறை அனுப்பியாகிவிட்டது, இது நாலாவதாம். ஜெராக்ஸ் செலவு எட்டு ரூபாய். குழுக் கணக்கில் தேதி போட்டு எழுதி, ரசீதையும் ஒட்டி வைத்திருந்தார்.